ஏழாம் மாடத்து ஓட்டைக் குடம்

தொப்.

அந்தச் சத்தம் கேட்டால் அரண்மனையில் அவரவர் கை வேலை ஒரு கணம் நிற்கும். யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். முற்றத்து மணலில் ஒரு கல் கிடக்கும். ஏழாம் மாடத்தில் நின்று ராஜா அடுத்த கல்லை எடுத்துக்கொண்டிருப்பார்.

ஒரு காலத்தில் செம்பாறை நாடு என்ற நாட்டை ஆண்டுவந்த மங்கலதரையர்தான் அந்த ராஜா. கோபம் வந்தால் ஊரைக் கொளுத்துவார், சிரிப்பு வந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பார். தம்பி சேந்தன் அந்த மாடத்திலிருந்து தவறி விழுந்து செத்த நாள்முதல் அவருக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. சாயங்காலமானால் கல்லைப் போடுவார், காதைத் தீட்டிக் கேட்பார். "என் தம்பியை இழுத்தது யார்?" சபையிலும் இதே கேள்விதான்.

கடைசியில் ஆஸ்தானப் பண்டிதர் பரமேட்டி எழுந்தார். "பூமிக்குள் ஒரு பூதம் இருக்கிறது மகாராஜா. எல்லாவற்றையும் அதன் கைதான் இழுக்கிறது. ஓர் உயிரைக் காவு கொடுத்தால் கையை எடுத்துக்கொள்ளும்."

"யார் உயிரை?"

பண்டிதர் யோசிப்பதுபோல் தாடியைத் தடவினார். "நாழிகைக்காரன் சாத்தன் இருக்கிறானே. பூதத்துக்கு அவன்தான் பழக்கம்."

சாத்தனுடைய வேலை, அடியில் ஓட்டையுள்ள செப்பு வட்டிலைக் கொப்பரைத் தண்ணீரில் மிதக்கவிடுவது. தண்ணீர் ஏறி வட்டில் முழுகினால் ஒரு நாழிகை. மணியை அடித்துவிட்டு மறுபடி மிதக்கவிடுவான். ராஜா போடும் கல் மணலைத் தொடும் கணத்தில் சரியாக விரலைச் சொடுக்குவான், பார்க்காமலே. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதனால் ராஜா அவனைத்தான் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். பண்டிதருக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

"நாளைச் சாயங்காலம், கல்லுக்குப் பதிலாக அவன்" என்றார் ராஜா.

சாத்தனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு பழைய நினைவு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முன்பு ஒருநாள் வடியவிட்டுக்கொண்டிருந்த வட்டில் கை நழுவி விழுந்தது. அப்போது அவன் கண்ட ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

மறுநாள் மாடத்தில் கும்பிட்டு நின்றான். "மகாராஜா, எனக்கு முன்னால் ஓர் ஓட்டைக் குடத்தைப் போட வேண்டும்."

"போகிற இடத்துக்குக் குடம் எதற்கப்பா?" என்று பண்டிதர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

குங்குமம் கரைத்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, ஒரு சேவகனை ஏழாம் மாடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான். மற்றவர்கள் நாலாம் மாடத்து ஜன்னலுக்கு இறங்கினார்கள். கண்ணெதிரே செந்நூல்போல் தாரை இறங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏன் ஒழுகுகிறது, சாமி?" என்றான் சாத்தன்.

"பூதம் இழுக்கிறது."

"குடத்தையே விட்டுவிட்டால்?"

"தாங்க ஆளில்லையே, இன்னும் வேகமாக ஒழுகும்."

சாத்தன் மேலே பார்த்துக் கையசைத்தான்.

குடம் அவர்களைக் கடந்து போனது. ஓட்டை இருந்தது, தாரை இல்லை. மூடிய கண்போலப் போனது. கீழே, சேந்தன் கிடந்த அதே இடத்தில் உடைந்து செக்கச்செவேலென்று பரவியது.

"இன்னொன்று" என்றார் ராஜா. 

மூன்று குடம் போட்டார்கள். மூன்றும் அப்படியே.

பண்டிதர் சுதாரித்துக்கொண்டார். "இதில் என்ன அதிசயம்? பூதம் குடத்தையும் தண்ணீரையும் ஒரே மாதிரி இழுக்கிறது. அதனால் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை."

"பொன்னையும் கல்லையும்?"

"ஒரே மாதிரிதான்."

"மகாராஜாவையும் என்னையும்?"

பண்டிதர் ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு, "ஒரே மாதிரிதான்" என்றார், முனகலாக.

"அப்படி எதிலுமே பேதம் பார்க்காத ஒன்றுக்கு, என் உயிர் மட்டும் எப்படி ருசிக்கும் சாமி?"



ராஜா ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "அப்படியானால் இழுப்பது யார்?"

"தெரியாது மகாராஜா. ஒரே சீராக விரல் சொடுக்கினால், விழுவது முதல் சொடுக்குக்குள் ஒரு பங்கு தூரம் போகும், அடுத்த சொடுக்கில் மூன்று பங்கு, அதற்கடுத்து ஐந்து. இது என்றும் மாறாது, அளந்து பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி, அது இழுப்புத்தானா, அதெல்லாம் என் அளவுக்குள் வரவில்லை. பூதம் என்று பேர் வைத்தால் மட்டும் தெரிந்ததாகிவிடுமா?"

ராஜா கேட்டார். "என் தம்பி விழும்போது..."

"குடத்துக்குத் தண்ணீர் கனக்கவில்லை மகாராஜா, நீங்களே பார்த்தீர்கள். இளவரசருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த நேரத்தில் அவர் மேல் ஒரு கையும் இல்லை. கனமெல்லாம் நிற்கிற நமக்குத்தான்."

"இப்போது என் காலை அழுத்துவது?"

"தரை. கீழிருந்து மேலே."

ராஜா ஒரு காலைத் தூக்கினார். கல்தளத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, தூங்குகிற யாரையோ மிதிக்கப் பயந்தவர்போல் மெல்ல ஊன்றினார்.

அன்றிலிருந்து கல் விழவில்லை. பண்டிதரின் ஆசனம் சாத்தனுக்கு என்றாயிற்று. பண்டிதர் தன் தலைக்குமேல் ஒரு செங்கல்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்று, பூதம் எப்போது கையை எடுக்கிறது என்று சொல்லவேண்டும் என்றும் உத்தரவானது. ஒரு நாழிகைக்குள் அவர் ராஜாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த நாழிகையை அளந்தவனும் சாத்தன்தான். சபையில் பாராட்டு முடிந்து அவன் கொப்பரைக்கு வந்தபோது வட்டில் அடியில் முழுகிக் கிடந்தது. மணியை அடித்தான். வட்டிலைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகுவதைச் சற்று நேரம் பார்த்தான். கடைசிச் சொட்டும் வடிந்ததும், வெறும் வட்டிலைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டான்.