வருஷத்துக்கு ஒரு ஸ்பூன்

இருதயராஜுக்கு வயது ஐம்பத்து நாலு. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் பிலோமினா. இருதயராஜின் அப்பா சவரியப்பனிடம் திராட்சை மிதிக்கிற வேலைக்கு வந்தவள். பதினைந்து வருஷம் அவர் கூடவே நின்று ஒயின் போடக் கற்றுக்கொண்டாள். அந்தப் பதினைந்து வருஷமும் இருதயராஜ் சென்னையில் பேங்க் மேனேஜர். அப்பா செத்த பிறகுதான் மலைக்குத் திரும்பினார். நேராக அவள் வீட்டுக்குப் போய், "எனக்குச் சொல்லிக் குடு வாத்தியாரே" என்றார்.

"அண்ணே, பேன்ட்டை முழங்காலுக்கு மேல மடிங்க முதல்ல" என்றாள் பிலோமினா.

தோட்டம் சின்னது. தாத்தா காலத்துக் கொடிகள். ஒவ்வொரு தூரும் தொடை கனம். மலைக்குளிரில் மெதுவாகத்தான் பழுக்கும். ஒரு கொடிக்கு நாலு குலை வந்தால் பெரிசு. ஆனால் கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. விரலில் பட்ட சாறு மூணு நாளைக்குப் போகாது.

இரண்டு வருஷம் ஒயின் போட்டுப் பார்த்தார் இருதயராஜ். இரண்டு வருஷமும் அப்பாவுடைய ருசி வரவில்லை. காட்டேஜ் கட்ட ஒருத்தர் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்தத் தடவையும் வரலைன்னா குடுத்துடப் போறேன் பிலோமி."

"சரிண்ணே" என்றாள்.

ஒருநாள் காலையில் அவள் வந்தபோது, ஆட்கள் கூடையும் கத்தரியுமாக நின்றார்கள். கொட்டகையில் சூசையம்மா மதியச் சாப்பாட்டுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, யாருக்குக் கல்யாணம்?"

"இன்னைக்குப் பறிக்கிறோம்."

பிலோமினா ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். விதையைக் கடித்து உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள்.

"பச்சையா இருக்கு. இன்னும் இருபது நாளாவது ஆகும். ஒரு மைனாகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. மைனாவுக்குத் தெரிஞ்சது மேனேஜருக்குத் தெரியலையா?"

கூடை வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இருதயராஜ் சிரிக்கவில்லை.

"எனக்குப் புளிப்பு வேணும். அப்பா ஒயின்ல அந்தப் புளிப்பு இருக்கு."

"ஐயா ஒயின்லயா? புளிப்பா?"

"ஆதாரம் வெச்சிருக்கேன்."

உள்ளே போய், துண்டில் சுற்றிய பாட்டிலை எடுத்து வந்தார். முக்கால்வாசிக்கு மேலேயே இருந்தது.

"அப்பா கடைசியா சென்னைக்குக் குடுத்து விட்டது. பறிக்கிறதுக்கு முந்தி இதுல ஒரு ஸ்பூன் ருசி பார்ப்பேன். வருஷத்துக்கு ஒரு ஸ்பூன். வேற யாரையும் தொட விட்டதில்லை."

"முதல் வருஷம் புளிச்சுதா?"

"லேசா."

"போன வருஷம்?"

"கொஞ்சம் கூட. அப்ப நீ பிள்ளை பெத்துக்க உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தே. நானே பத்து நாள் முந்திப் பறிச்சேன். அப்பவும் அந்த அளவுக்குப் புளிப்பு வரலை."

"சரி, நேத்து?"

"நாக்கு கூசுது பிலோமி. இவ்வளவு புளிப்பை அப்பா எப்படித்தான் கொண்டுவந்தாரோ!"

பிலோமினா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பாட்டிலோடு கொட்டகைக்குள் போனாள். சூசையம்மா உரித்து வைத்திருந்த வெங்காயத்தின் மேல் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்ன பண்றே! அது எங்கப்பா!"

"உங்கப்பா இல்லைண்ணே, காடி, வினிகர். ஒயினைத் திறந்து திறந்து மூடினா வேற என்ன ஆகும்? அது வருஷா வருஷம் புளிச்சுக்கிட்டே போகுது. அதுக்கு ஈடு குடுக்க நீங்களும் வருஷா வருஷம் காயாப் பறிச்சுக்கிட்டே போறீங்க."

சூசையம்மா ஒரு வெங்காயத்தை எடுத்துக் கடித்தாள். "வெங்காயத்துக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இருதயராஜ் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் ஒரு பாட்டில் அனுப்புவார். ஆபீஸ்ல யாருக்காவது குடுத்துடுவேன். போன்ல, 'குடிச்சியாடா?'ன்னு கேட்பார். 'குடிச்சேன்ப்பா, பிரமாதம்'பேன். இது ஒண்ணுதான் யாருக்கும் குடுக்காமத் தப்பிச்சது."

பிலோமினா காலி பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"சின்ன வயசுல, கிறிஸ்துமஸ் காலையில, பூசை முடிஞ்சு வந்ததும் எனக்கு அரை டம்ளர் தண்ணியில ஒரு மூடி ஒயின் விடுவார். தண்ணிக்குள்ள அது புகை மாதிரி இறங்கும். முழுக்கச் சிவக்கிற வரைக்கும் குடிக்க விடமாட்டார். ரெண்டு பேரும் டம்ளரையே பார்த்துக்கிட்டு நிப்போம். அது எல்லாம் ஞாபகம் இருக்கு. ருசி மட்டும் ஞாபகம் இல்லை."

மேகம் ஒன்று கொடிகளுக்கு நடுவே நுழைந்து மெதுவாகப் போனது. ஆட்கள் கூடையோடு காத்து நின்றார்கள்.

"இருந்த ஒரே அளவையும் கொட்டிட்டே. இனிமே அப்பா மாதிரி வந்துச்சா வரலையான்னு எதை வெச்சுப் பார்ப்பேன்? தோட்டத்தைக் குடுத்துடட்டுமா? நீயே சொல்லு வாத்தியாரே."

பிலோமினா ஆட்களைப் பார்த்து, "இன்னைக்குப் பறிப்பு கிடையாது. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். பிறகு அவர் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"புது ஒயின் தெளிஞ்சதும் ஐயா ஜாடியைத் திறந்து முதல் வாய் குடிப்பார். நான் பக்கத்துலயே நிப்பேன். பதினஞ்சு வருஷமும் ஒரே வார்த்தைதான் சொன்னார்."

"என்ன சொல்வார்?"

"'ப்ச், எங்கப்பா போட்ட மாதிரி வரலையே.'"

இருதயராஜ் நிமிர்ந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னண்ணே? மீசையைத் துடைச்சுக்கிட்டு, அடுத்த கவாத்துக்குக் கொடி வெட்டுற கத்தரியைத் தீட்ட உட்கார்ந்துடுவார்."