கருங்குளவி வாங்கிய வசவு

புவெப்லா நகரத்து மல்யுத்த அரங்கில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் கூரை தங்காது. மெக்சிகோக்காரர்கள் அங்கே சும்மா வேடிக்கை பார்க்க வருவதில்லை, தொண்டை கிழியக் கத்துவதற்கென்றே வருகிறார்கள்.

முகமூடி போட்டு மேடையேறுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒழுங்காக மோதுகிறவன் நல்லவன். நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கடிக்கிறவன், கண்ணில் குத்துகிறவன் ‘ரூடோ’, அதாவது முரடன். பேக்கரி வேலையை உதறிவிட்டு எலாடியோவிடம் மல்யுத்தம் படித்த ஃபெர்மினுக்கு அன்றுதான் முதல் மேடை. வாத்தியார் அவனுக்கு மாட்டிவிட்டது ரூடோவின் கறுப்பு முகமூடி. கருங்குளவி என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஃபெர்மினுக்கு அழுகையே வந்துவிட்டது.

“வாத்தியாரே, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? என்னை ஏன் கெட்டவனாக்கினீங்க?”

“மேடைக்குப் போ.”

“ஜனங்க திட்டுவாங்களே!”

“திட்டலைன்னா உனக்கு இங்க வேலை இல்லை. அரங்கு முதலாளி சொல்லிட்டார். நாளைக்கே ரொட்டி அடுப்புக்குத் திரும்பிடலாம்.”

மணி அடித்தது. எதிரே வெள்ளி நாரை, ஊரின் செல்லப்பிள்ளை. மூன்று சுற்று, இரண்டில் ஜெயித்தவனுக்கு வெற்றி.

நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? நெஞ்சில் கை வைத்து நாலா பக்கமும் குனிந்து வணக்கம் சொன்னான். நாரை வழுக்கி விழுந்தபோது கை கொடுத்துத் தூக்கிவிட்டான். போதாக்குறைக்கு, “அடிபட்டுச்சா?” என்று வேறு விசாரித்தான்.

கூட்டம் கொட்டாவி விட்டது. முதல் சுற்றில் நாரை ஜெயித்தபோது கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. முதலாளி எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

எலாடியோ நேராக முன்வரிசைக்குப் போனார். ஒரு நடுவயது அம்மாள், ஹோட்டல் சலவைக்கூடத்துச் சீருடையோடு, மிளகாய்த்தூள் தூவிய சோளக்கதிரை அப்போதுதான் வாய்க்குக் கொண்டு போனாள். அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்து சீடன் கையில் திணித்தார்.

“தின்னு.”

“வாத்தியாரே, பாவம் அந்தம்மா...”

“அவங்களைப் பார்த்துக்கிட்டே தின்னு.”

ஃபெர்மின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தான். பிறகு கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்து, இன்னொரு கடி.

அவ்வளவுதான்! அவள் நாற்காலி மேல் ஏறிவிட்டாள். “திருட்டுப் பயலே! நாசமாப் போறவனே!” அவள் குரல் பக்கத்து வரிசைக்குத் தொற்றிக்கொண்டது, அங்கிருந்து மாடிவரை போயிற்று. வாசலுக்குப் போன முதலாளி ஓடி வந்தார். ஃபெர்மினுக்குள் என்னவோ புகுந்துகொண்டது. நாரையின் கண்ணில் குத்தினான், கையைக் கடித்தான், நடுவர் கேட்டதற்கு “நானா? சேச்சே!” என்று தலையாட்டினான். இரண்டாம் சுற்று அவனுக்கு. அரங்கமே எழுந்து நின்று அவன் பரம்பரையை இழுத்துத் திட்டியது.

அந்தம்மாள்தான் எல்லாருக்கும் மேலே. “விடிஞ்சதிலேருந்து தேய்ச்சுப் போட்டேன்! ஒரே ஒரு நாள் லீவு கேட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே, பாவி!”

மூன்றாம் சுற்றில் நாரை கயிற்றின் மேலேறி அவன்மீது பாய்ந்தான். கருங்குளவி மல்லாந்து விழுந்தான், தோளைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. நடுவர் மூன்று எண்ணி முடித்ததும், முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“அடுத்த வாரமும் இவன்தான்!” என்று முதலாளி கத்தினார்.

உடை மாற்றும் அறையில் ஃபெர்மின் முகமூடியைக் கழற்றினான். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சந்தோஷம். ஆனாலும் ஒன்று உறுத்தியது.

“வாத்தியாரே, சோளத்துக்குத் திட்டினாங்க, சரி. நான் எப்போ அந்தம்மாவுக்கு லீவு தர மாட்டேன்னேன்?”

எலாடியோ அவன் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“நீ சொல்லலை. சொன்னவன் முன்னாடி அவங்களால வாயைத் திறக்க முடியாது. அதான் டிக்கெட் வாங்கிக்கிட்டு உன்கிட்ட வந்தாங்க.”