சுழி சுத்தமான குதிரை

மலையடிவாரத்து மடத்துக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்க ஒரு குதிரை தேவைப்பட்டது. நான் போய் வாங்கி வருகிறேன் என்று சடையப்பர் கிளம்பினார்.

சீடர்களில் அவர்தான் மூத்தவர், அறுபதைத் தாண்டியவர். குருவான நாச்சியம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. மனைவி செல்லாத்தாள் இறந்த மறுமாதமே வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தவர் அவர்.

ஆடிச் சந்தையிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரையோடு திரும்பினார். முகமெல்லாம் பெருமை.

"உடம்புல இருக்குற அத்தனை மயிர்ச்சுழியும் சுத்தமுங்கம்மா. நெத்தியில ராஜசுழி. வாங்குறவனுக்கு யோகமுன்னு சந்தையே பேசுச்சுங்க."

நாச்சியம்மை குதிரையின் வாயைத் திறந்து பார்த்தார். விலாவில் காதை வைத்துக் கேட்டார். முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைத் தொட்டார்.

"இருபது வயசுக்கு மேல இருக்கும். மூச்சு இரைக்குது. குளம்புல சூடு. பல்லைப் பார்க்கலையா நீங்க?"

"சுழி நல்லா இருந்துச்சுங்க."

"சுழி உங்களுக்கு என்ன ஆகும்னு சொல்லும். குதிரைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுமா?"

சடையப்பருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. குணப்படுத்தியே தீருவது என்று இறங்கினார். மூன்று ஊர் வைத்தியர்களைக் கூட்டி வந்தார். தூசி இருமலைக் கிளப்பும் என்று வைக்கோலை நனைத்துப் போட்டார். குளம்புக்கு எண்ணெய் தடவினார். மூன்று வேளையும் தலையைத் தூக்கிக் கட்டி, மூங்கில் குழாயால் கஷாயம் புகட்டினார். அவர் வருவதைக் கண்டாலே குதிரை சுவரோரம் ஒதுங்கியது. வந்த காரியம் முடிந்ததும் அவரும் நிற்பதில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. இருமல் அப்படியே இருந்தது.

"செங்கல் சூளைக்காரர் வெள்ளிக்கிழமை வர்றாருங்க. அவருகிட்டக் குடுத்துடலாமுங்க" என்றார் குருவிடம்.

"கல்லு சுமக்குமா?"

"ரெண்டு மாசம் தாங்குமுங்க." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "தீராத நோய்க்கு எதுக்குங்கம்மா வைத்தியம்?"

"அதுக்கு என்னென்ன நோய்?"

சடையப்பர் மளமளவென்று ஒப்பித்தார். பல் தேய்மானம், இருமல், குளம்புச் சூடு, இடது கண்ணில் விழுந்த பூ. எது எந்த வாரம் கூடியது, எது குறைந்தது என்பது வரை சொன்னார்.

"சரி. அதுக்கு என்ன பிடிக்கும்?"

சடையப்பர் லாயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்குங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

முதல் நாள் குழாய் இல்லாமல் லாயத்தில் போய் உட்கார்ந்தார். குதிரை நம்பவில்லை. சுவரோரமே நின்றது.

மறுநாள் தமக்கு ஊற்றிய கம்பங்கஞ்சியை அங்கேயே கொண்டுபோய்க் குடித்தார். பாதிக் கஞ்சியில் தோளுக்கு மேலாக ஒரு மூக்கு நீண்டது. மிச்சத்தைக் குதிரை உறிஞ்சிவிட்டு, ஒட்டியிருந்ததை அவர் சட்டையிலேயே துடைத்தது. சடையப்பர் சிரித்துவிட்டார். மடத்துக்கு வந்தபிறகு அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சூளைக்காரர் வந்தார். சடையப்பர் கயிற்றோடு நின்றார்.

"கம்பங்கஞ்சி குடிக்குமுங்க. வெதுவெதுன்னு இருக்கோணும், ஆறுனா மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். தாடைக்கு அடியில சொறிஞ்சு விட்டீங்கன்னா, கண்ணை மூடிக்கிட்டு உதட்டைத் தொங்கப் போட்டுரும்."

சூளைக்காரர் சிரித்தார். "சூளையில எவனுங்க அதுக்குக் கஞ்சி காய்ச்சறது?"

கயிறு கை மாறவில்லை. சூளைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். சடையப்பர் குதிரையை லாயத்தில் கட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தாமே ஆற்றுக்குப் போனார்.

நான்கு நடை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியபின் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். நாச்சியம்மை அடுப்படியில் இருந்தார்.

"நாலு வருஷம் செல்லாத்தா படுக்கையில கெடந்தாளுங்க. பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு வேளை மருந்து தவறுனதில்லை. என் காலடிச் சத்தம் கேட்டாலே மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவா. நோவுதான் அப்படிப் பண்ண வைக்குதுன்னு நெனச்சனுங்க."

கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார்.

"அவளுக்கு என்ன பிடிக்கும்னு நான் ஒருநாளும் கேக்கலீங்கம்மா."

அவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நாச்சியம்மை அழவிட்டார். பிறகு அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி, துணி சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"கஞ்சி ஆறிடும். குதிரை காத்துக்கிட்டு நிக்குது."