புகையாத அடுப்பு

“எனக்குக் கொடுத்தது கோளாறான அடுப்புங்கம்மா” என்றார் நஞ்சப்பன்.

அம்மா பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நல்ல அடுப்பு எதுங்க ஐயா?”

“பூரணிக்குக் கொடுத்தது.”

“அப்போ மாத்திக்குங்க.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நஞ்சப்பன் நினைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வேகமாகச் சமையலறைக்கு நடந்தார்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்தது அந்த ஆசிரமம். நுரையீரல் நோய் வந்து தேறிக்கொண்டிருந்தவர்கள் முப்பது பேர் அங்கே தங்கியிருந்தார்கள். அதை நடத்திய அம்மாவுக்கு நாற்பத்துநான்கு வயது. நஞ்சப்பனுக்கு அறுபத்தொன்று. தியானம் கற்றுக்கொள்ள வந்த அவர் கையில் முதல் நாளே கரண்டியைக் கொடுத்துவிட்டார் அம்மா. பதினோரு வருடங்களாக அந்தக் கரண்டி அவர் கையில்தான் இருந்தது.

பூரணி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து வேலையை விட்டவள். காய் நறுக்கத்தான் வந்தாள்.

பிறகு டாக்டர் வந்தார். விறகுப் புகை இங்கே இருப்பவர்களுக்கு ஆகவே ஆகாது என்றார். யாரோ ஒரு அன்பர் இரண்டு பெல்லட் அடுப்புகளை அனுப்பிவைத்தார்.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சுண்டுவிரல் கனத் துண்டு. அடுப்புக்குள் ஓர் இரும்புக் குடுவை. குடுவையில் கீழே ஒரு வரிசைத் துளை, மேலே ஒரு வரிசைத் துளை. பக்கத்தில் இருக்கும் சின்ன விசிறி அந்தத் துளைகள் வழியாகக் காற்றை ஊதும். அவ்வளவுதான் அடுப்பு.

பூரணியின் அடுப்பு இரண்டாம் நாளே புகையில்லாமல் எரிந்தது.

நஞ்சப்பனின் அடுப்பு கண்ணைக் கரித்தது.

டாக்டர் சொல்லியிருந்தார்: “பத்து நாள் பாருங்க. அப்பவும் புகையற அடுப்பைத் தூக்கி வெளியே வெச்சுடுங்க.”

---

அடுப்பை மாற்றினார்கள்.

அன்று மாலையே பூரணியிடம் போன பழைய அடுப்பு அடங்கி எரிந்தது. நஞ்சப்பனிடம் வந்த நல்ல அடுப்பு புகைந்தது.

அவர் மறுபடியும் அம்மாவிடம் போனார்.

“அடுப்பு இல்லீங்கம்மா. பெல்லட்டுதான். அவ மூட்டை நல்ல மூட்டை.”

“மூட்டையையும் மாத்திக்குங்க.”

மாற்றினார்கள். புகை நஞ்சப்பனோடுதான் இருந்தது.

மூன்றாம் முறை போனபோது அவர் உட்காரவில்லை.

“அவளுக்கு ஏதோ சூட்சுமம் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்ல மாட்டேங்கிறா.”

“கேட்டீங்களா?”

நஞ்சப்பன் தோள் துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

“கேட்டீங்களா ஐயா?”

“நாலு மாசத்துக்கு முன்னாடி வெங்காயம் எப்படி அரியறதுன்னு எங்கிட்ட கேட்டவம்மா அவ.”

அம்மா தலையசைத்தார். 

---

அதன்பிறகு நஞ்சப்பனுக்குச் சமையலறையில் இரண்டு வேலை. ஒன்று சமைப்பது. இன்னொன்று எதிர்ச் சுவரோரம் இருக்கும் பூரணியின் அடுப்பைப் பார்ப்பது.

அவள் குடுவையில் தீ சாந்தமாக நின்றால், இவர் தன் குடுவையில் இன்னும் இரண்டு கை பெல்லட் போடுவார். மேல்வரிசைத் துளைகள் மறைந்துபோகும். புகை வரும். விசிறியை முழு வேகத்தில் திருப்புவார். சாம்பல் பறக்கும். கம்பியால் கிளறுவார். மறுபடியும் அந்தப் பக்கம் பார்ப்பார்.

அங்கே பூரணி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

சாப்பிட வந்தவர்கள் அவளிடம் நின்று பேசினார்கள். “இருமாம தூங்கினேன் கண்ணு” என்றார் ஒரு பெரியவர். நஞ்சப்பனுக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது.

அதையும் பொறுத்துக்கொண்டார். அம்மாவின் சுக்குக் காபியைத்தான் பொறுக்க முடியவில்லை.

பதினோரு வருடமாக அதை அவர்தான் போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் காலை அம்மா வந்து, அவர் நீட்டிய தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். புகை நாற்றம். முகம் சுளிக்கவில்லை. மீதியையும் குடித்து முடித்தார்.

பிறகு எதிர்ப் பக்கம் போய், “உன் அடுப்பில இன்னொரு தம்ளர் போடேன் பூரணி” என்றார்.

---

பத்தாம் நாள் காலை மழைச் சாரல். பூரணி கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்தாள்.

நஞ்சப்பன் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்தார். அவள் மூட்டையின் வாயைப் பிரித்து, மேலாக இருந்த பெல்லட்டை ஒதுக்கிவிட்டு, உள்ளே தண்ணீரை ஊற்றினார். ஒதுக்கியதை மேலே பரப்பி மூடினார்.  

பூரணி வந்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சிப் பானையை ஏற்றினாள்.

நஞ்சப்பனும் பருப்பை ஏற்றினார். குடுவையில் பாதிக்குப் பெல்லட் போட்டுப் பற்றவைத்தவர், அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். இன்று பார்ப்பதற்கு வேறொன்று இருந்தது.

முதல் கால்மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. கூடத்துக்குப் போகிற வழியில் அம்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். பூரணி மூட்டையிலிருந்து இரண்டாவது முறை சிரட்டையால் அள்ளிப் போட்டாள்.

புகை எழுந்தது.

முதலில் நூலாக. பிறகு கயிறாக. பிறகு அவள் முகமே தெரியவில்லை. அவள் இருமிக்கொண்டே விசிறியைத் திருப்பினாள், குனிந்தாள், கண்ணைத் துடைத்தாள்.

பத்து நாளில் நஞ்சப்பன் முதன்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

கூடத்தில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் இருமினார். பிறகு நான்கைந்து பேர் சேர்ந்து இருமினார்கள். அன்று “கண்ணு” என்று பேசிய பெரியவரின் குரலும் அதில் கேட்டது. அவருக்கு இருமல் நிற்கவேயில்லை.

நஞ்சப்பன் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

அம்மா வாசலில் வந்து நின்றார். ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

பூரணி மூட்டைக்குள் கைவிட்டு எடுத்தாள். விரல்களுக்கிடையில் ஈர மரத்தூள் மாவாக ஒட்டியிருந்தது.

“ராத்திரி ஜன்னலைச் சாத்த மறந்துட்டேம்மா. சாரல் அடிச்சிருக்கு. என் தப்புதான்” என்றாள்.

“சாரல் இல்ல” என்றார் நஞ்சப்பன்.

இருவரும் திரும்பினார்கள்.

“நான்தான் ஊத்தினேன்.”

பூரணி அவரையே பார்த்தாள். “எதுக்குங்கண்ணா?”

“உன் அடுப்பு எரியறதைப் பார்க்க முடியல.”

அவள் புகையினால் வந்த கண்ணீரா, வேறா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை இறக்கினாள்.

“பாதிதான் வெந்திருக்கு. முப்பது பேருக்குக் கஞ்சி வேணும்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“நஞ்சப்பன் ஐயா அடுப்பில வை” என்றார் அம்மா.

“வேண்டாங்கம்மா” என்று பதறினார் நஞ்சப்பன். “என் அடுப்பு புகையும். இருமறவங்க இன்னும் இருமுவாங்க. கஞ்சியும் நாத்தம் பிடிச்சுரும்.”

“பருப்பை இறக்குங்க.”

பிடிதுணியால் பிடித்து இறக்கினார்.

அம்மா தன் வெள்ளைச் சேலைத் தலைப்பை எடுத்தார். பருப்புப் பானையின் அடியில் ஒருமுறை அழுத்தித் துடைத்தார். தலைப்பை விரித்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

ஒரு கரிக்கோடும் இல்லாமல் வெள்ளையாகவே இருந்தது.

நஞ்சப்பன் குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். மேல்வரிசையில் ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்னச் சுடர். பொட்டுப் புகை இல்லை. மேலே காற்று மட்டும் சூட்டில் நெளிந்துகொண்டிருந்தது.

அவர் தன் அடுப்பை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போல் நின்றார்.

பூரணி கஞ்சிப் பானையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். தீ அசையவில்லை.

“எப்ப இருந்தும்மா இப்படி எரியுது?” என்றார் நஞ்சப்பன். 

“நீங்க சுவர்ல சாஞ்சதிலேர்ந்து” என்றார் அம்மா.