ஆப்ஷனல் ஆரத்தி

“ஆப்ஷனல்னுதானே போட்டேன்? அப்புறம் யாரைக் கேட்டு நீ வரலை?”

அபார்ட்மெண்ட் செக்ரட்டரி நாகசுந்தரம் மாடிப்படியில் நின்று கத்தினார். கவுன்சிலர் வரும்போது பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும் என்று வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார்; கடைசியில் ‘ஆப்ஷனல்’ என்று ஒரு வார்த்தை. வாடகைக்கு இருக்கும் ஹேமாவதி போகவில்லை. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக் குழாய் மட்டும் வறண்டது. வீட்டுக்கு வீடு தனி வால்வு வைத்த மாடித் தொட்டியறையின் சாவி செக்ரட்டரியிடம்தான் இருந்தது. என்ன திமிர்!

ஹேமாவதி அதே வாட்ஸப் குரூப்பில் ஒரே வரி போட்டாள்: ‘ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாசல் பெருக்க ஆண்கள் வரவும். ஆப்ஷனல்.’ செக்ரட்டரி அதற்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, ஞாயிறன்று சுகமாகக் குறட்டை விட்டார்.

ஏழு மணிக்குப் பெண்கள் பட்டாளம் துடைப்பத்தோடு அவர் கதவைத் தட்டியது.

“ஆப்ஷனல்னுதானே போட்டேன் சார்? அப்புறம் யாரைக் கேட்டு நீங்க வரலை?” என்றாள் ஹேமாவதி. “வராததுக்குத் தண்டனையா இன்னிக்கு முழு வாசலையும் நீங்கதான் பெருக்கணும்.”

“இதென்னம்மா அநியாயம்! ஆப்ஷனல்னா இஷ்டமிருந்தா வரலாம், இல்லாட்டி வீட்டுல இருக்கலாம். அதுக்குப் போய் யாராவது தண்டனை குடுப்பாங்களா?”

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தான் சொன்னது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது.

“அப்ப எங்க வீட்டு வால்வைத் திறந்து விடுங்க சார்.”