இத்ரிஸின் தாய்

இராசநாயகம் தன் மனைவி யோகமலரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில், ஒரு பின்னேரம். அவர் யன்னலோரம் நின்று பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ," என்றார் யோகமலர் கட்டிலில் இருந்தபடி.

இராசநாயகம் திரும்பினார்.

"உங்கட கால் வீங்கிக் கிடக்கு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருங்கோவன்."

"தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கழட்டுறன்," என்று சொல்லிக் கீழே போனார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

அதற்கடுத்த வருடம்தான் அவர் சிவபாதத்திடம் போகத் தொடங்கினார். சிவபாதம் ரொறொன்ரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். இராசநாயகத்தை விட இருபது வயது இளையவர். சனிக்கிழமைக் காலைகளில் ஒரு கடைத்தொகுதியின் நிலவறையில் ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, கண்ணை மூடிச் சும்மா இருக்கப் பழக்குவார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். இராசநாயகமும் அப்படியே அழைத்தார். மாஸ்டர் அவரை அண்ணை என்றார்.

நிலவறைக்கு மேலே ஒரு ரொட்டிக் கடை. அங்கே அடுப்படியில் நின்ற மிர்வைஸ் ஆப்கானிஸ்தானிலிருந்து தனியாக வந்தவர். அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் பாகிஸ்தானில், குவெட்டா நகரத்தில் ஓர் ஒற்றை அறைக்குள் இருந்தார்கள். பத்திரம் இல்லாதவர்களை அங்கே லொறியில் ஏற்றி எல்லைக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

"இவற்ற குடும்பத்தை நாங்கள் கனடாவுக்குக் கூப்பிடுவம்," என்றார் மாஸ்டர் ஒருநாள். வேறு விளக்கம் சொல்லவில்லை.

ஐந்து பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தை ஒதுக்கிக் கொடுத்தார். இன்னொருவரின் மனைவி பிள்ளைகளின் உயரம் கேட்டுக் குளிர்ச்சட்டை தேடினார். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் என்பதால் எழுத்து வேலை இராசநாயகத்துக்கு வந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் சுற்றியிருக்க, மிர்வைஸை நடுவில் இருத்திப் படிவத்தை விரித்தார். பேச்சு அரைகுறை ஆங்கிலத்தில் நடந்தது.

"மனைவியின் பெயர்?"

மிர்வைஸ் மாவு ஒட்டிய தன் கைகளைப் பார்த்தார். "இத்ரிஸின் தாய்," என்றார். இத்ரிஸ் அவருடைய மூத்த மகன்.

"அது உறவு. பெயரைச் சொல்லுங்கள்."

"என் பிள்ளைகளின் தாய்."

இராசநாயகம் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் சொன்னார்: "ஒரு வருசத்தில மனுசியின்ர பேர் மறந்துபோச்சாம். எங்கட ஆக்கள் எண்டால் இதுக்கே மனுசியிட்ட அகப்பைக் காம்பால வாங்கியிருப்பினம்."

நிலவறையே சிரித்தது. மிர்வைஸுக்குத் தமிழ் தெரியாது. சிரிப்புத் தெரியும். எழுந்து மேலே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கீழே வரவில்லை. படிவம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வருடம் இடமில்லை. மற்றவர்கள் போன பிறகு மாஸ்டர் கதிரைகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"மனுசியின்ர பேரைச் சொல்ல வாய் வராதவன், அவவை உண்மையாத்தான் கூப்பிடப் போறானோ?"

"இந்தக் கதிரையை ஒருக்காப் பிடியுங்கோ அண்ணை."

பிடித்தார்.

"நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்க குடும்பமாவோ வந்தனீங்கள்?"

"இல்லை மாஸ்டர். தொண்ணூறாம் ஆண்டு. வள்ளத்தில இடமில்லை. முதல் அவவும் பிள்ளையும் போனவை. நாலு நாள் கழிச்சுத்தான் நான் இராமேசுவரக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது."

"மண்டபம் முகாமில அவ்வளவு சனம். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பதிவில என்ர பேர் இருந்தது. கணவன் பெயர் எண்ட இடத்தில."

"அவ சொன்னவவாக்கும்."

இராசநாயகம் கதிரையை நிலத்தில் வைத்தார்.

"இல்லை. அவ என்ர பேரைச் சொல்லமாட்டா. கடைசிவரைக்கும் சொன்னதில்லை. அதிகாரி கேக்க, பிள்ளையைத் தூக்கி மேசையில இருத்தி, அப்பான்ர பேரை ஐயாவுக்குச் சொல்லு பிள்ளை எண்டிருக்கிறா. பிள்ளைக்கு நாலு வயசு."

"அதிகாரி சிரிச்சவரோ?"

மாஸ்டர் மிச்சக் கதிரைகளை மடக்கினார்.

இராசநாயகம் மேலே போய் ரொட்டிக் கடை வரிசையில் நின்றார். முறை வந்ததும் நாலு ரொட்டி கேட்டார். மிர்வைஸ் முகம் பார்க்காமல் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"இத்ரிஸோடு பேசலாமா?" என்று இராசநாயகம் ஆங்கிலத்தில் கேட்டார். "அவன் இங்கிலீஷ் படிப்பதாகச் சொன்னீர்கள்."

மிர்வைஸ் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, தன் பாஷையில் இரண்டு வார்த்தை பேசி, நீட்டினார். தான் போய் முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் அடுப்பைப் பார்த்து நின்றார்.

"இத்ரிஸ், உன்னுடைய அம்மாவின் பெயர் என்ன?"

ஒன்பது வயதுக் குரல் பெயரைச் சொன்னது. கேளாமலே எழுத்துக்கூட்டியும் காட்டியது. பின்னால் ஒரு பெண் மெல்லச் சிரிப்பது கேட்டது. இராசநாயகம் பெயரை ரொட்டித் தாளின் மூலையில் எழுதி, அந்த மூலையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்று பின்னேரமே படிவத்தில் ஏற்றி உறையை ஒட்டினார். அந்தப் பெயரை இன்றுவரை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பதினொரு மாதம் கழித்து வகுப்பு முழுவதும் குளிர்ச்சட்டைகளோடு விமான நிலையத்தில் நின்றது. மிர்வைஸ் ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மற்றக் கதவால் வந்தார்கள். தோளில் தூங்கும் குழந்தையோடு வந்த அந்தப் பெண் அவருக்குப் பின்னால் நின்று, மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். அத்தனை இரைச்சலிலும் மிர்வைஸ் திரும்பினார். குழந்தையை வாங்கிக்கொண்டார்.

இராசநாயகம் இத்ரிஸைக் கேட்டார். "அம்மா என்ன சொன்னார்?"

"இத்ரிஸின் அப்பா, இவளைப் பிடியுங்கள், கை வலிக்கிறது என்றார்."

இராசநாயகம் மாஸ்டரின் பக்கம் சாய்ந்தார். "பாத்தீங்களோ? ரெண்டு வருசம் கழிச்சுக் கண்டும் பேர் சொல்லேல்லை."

"திரும்பினவர்தானே அண்ணை," என்றார் மாஸ்டர்.

யோகமலரின் மண்டபம் முகாம் பதிவு அட்டை இராசநாயகத்தின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கணவன் பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர் அதிகாரியின் கையெழுத்தில், நீல மையில் எழுதப்பட்டிருக்கிறது.