மாசிலாமணி வீட்டுக் கண்ணாடி

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஐஸ் பாக்டரி. அது கண்ணாடிக் கலைக்கூடமாக மாறிய வருஷம், எதிரே இருந்த தெரு பூங்காவாக மாறியது. லேசுப்பட்ட பூங்கா இல்லை. நீரூற்று, வளைந்து வளைந்து போகும் நடைபாதை, 'புல்லை மிதிக்காதீர்கள்' என்று நாலு பலகை. தெருவில் இருந்த பத்துக் குடும்பத்துக்கும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்தது.

பத்தில் ஒருவர் மாசிலாமணி. வயது அறுபத்திரண்டு. தினமும் ரெண்டு பஸ் மாறி இங்கேயே வந்து நிற்பார், கண்ணாடி வேலை கற்றுக்கொள்ள. சொல்லித்தரும் டெய்சிக்கு முப்பது வயது. அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணா.

தெரு காலியான அன்று வீட்டுக்கு வீடு போய் ஆளுக்கொரு கண்ணாடிச் சாமான் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், அந்த வீட்டுக் குரல் அவர் வாயில் வந்துவிடும்.

சோடாக்கடை தேவராஜின் உடைந்த பாட்டிலைத் தூக்கினால், "பன்னீரா, சாதாவா? சீக்கிரம் சொல்லுய்யா, காஸ் போவுது!"

பக்கத்து வீட்டுக் கமருன்னிசாவின் பச்சை வளையலைத் தொட்டால், "மாசிண்ணே, உங்க வீட்டுக்குள்ள மழை நின்னுச்சா? வெளிய நின்னு ஒரு மணி நேரம் ஆச்சு!"

கூடமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, நீரூற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கலைக்கூடத்தின் திறப்பு விழாவுக்கு மற்ற ஒன்பது குடும்பமும் வேன் வைத்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாசல் ஜன்னலுக்கு ஒரே கண்ணாடி. அதில் எல்லா வீடும் உருகி ஒன்றாக இருக்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

"அவங்களதுன்னு இங்க ஒண்ணு இருந்தாத்தான் டீச்சர் மறுபடி வருவாங்க. பூங்கா பாக்க யாரு ரெண்டு பஸ் மாறி வரப் போறா?"

"போட்டுப் பாருங்கண்ணா."

எல்லாவற்றிலும் கொஞ்சம் உடைத்து உலையில் போட்டார். உருகியது. ரெண்டு நாள் பொறுமையாக ஆறவிட்டுத் திறந்தார். குறுக்கே விரிசல். மறுபடி போட்டார். இந்தத் தடவை மூன்று விரிசல்.

"ஒரே தெருத் தண்ணி குடிச்ச கண்ணாடி. ஏன் டீச்சர் ஒட்டிக்க மாட்டேங்குது?"

டெய்சி பாட்டிலில் ஒரு சில்லு, வளையலில் ஒரு சில்லு எடுத்தாள். ரெண்டையும் தீயில் காட்டி ஒன்றோடொன்று ஒட்டி, இடுக்கியால் இழுத்தாள். நூல் மாதிரி நீண்டது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. மேஜைமேல் வைத்தாள்.

"டீ சாப்பிட்டு வரலாம்."

திரும்பி வந்தபோது நூல் வில்லாக வளைந்திருந்தது.

"அய்ய, நேராத்தானே இருந்துச்சு?"

"சூடா இருந்த வரைக்கும். ஆறும்போது ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு அளவுல சுருங்குதுண்ணா."

மாசிலாமணி அந்த நூலை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். அன்றைக்கே உலையை அணைத்தார். மீதி இருந்ததைத் தனித்தனியாக அப்படியே வைத்து, நடுவே ஈயப் பட்டை வளைத்துக் கட்டினார். தேவராஜ் தேவராஜாக இருந்தார். பக்கத்தில் கமருன்னிசா கமருன்னிசாவாக.

விழாவுக்கு முதல் நாள் ஒரு அதிகாரி வந்தார். கண்ணாடி ஜன்னலில் நின்றது.

"சூப்பர் சார், சூப்பர்! என்ன கலர், என்ன கலர்! ஆமா, நடுவுல என்ன ஓட்டை?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "பத்தாவது வீடு சார். என் வீடு. எல்லார் சாமானையும் வண்டியில ஏத்திவிட்டுட்டுத் திரும்பிப் பாத்தேன், என்னுது இடிஞ்சு கெடக்குது. என் வீட்டுல ஒண்ணு எடுக்கணும்னு தோணவே இல்ல."

"இதுக்கா கவலை? புதுக் கண்ணாடி ஒண்ணு வெட்டிச் சொருகுங்க. யாருக்கு சார் தெரியப் போவுது?"

அவர் போனதும் மாசிலாமணி நீலத்தில் ஒன்றை வெட்டிச் சொருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அதன்மேல் கை வைத்தார். வாயைத் திறந்தார். ஒரு குரலும் வரவில்லை.

"டீச்சர், நாளைக்கு அவங்க வந்து இது யாரு வீடுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

டெய்சி கிட்டே வந்தாள். நீலத்தை நகத்தால் நெம்பி எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஓட்டை வழியாகக் காற்று வந்தது. காற்றோடு மீன் வாசனை, எங்கேயோ ஒரு லாரி ஹாரன். மாசிலாமணி குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். மற்ற ஒன்பதிலும் பூங்கா பச்சையாகவும் சிவப்பாகவும் தெரிந்தது. இதில் மட்டும் உள்ளது உள்ளபடி. நேர் எதிரே புல்தரை, பலகை. அவர் வீட்டு வாசல்படி இருந்த இடம்.

நிமிர மனமே வரவில்லை. குனிந்தபடியே கேட்டார்:

"மழை வந்தா உள்ள சாரல் அடிக்குமே டீச்சர்?"

"உங்க வீட்டுல அடிக்காதாண்ணா?"